கொம்பு முன்னால், ஒலி பின்னால்

‘கொ’ என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பேனா முதலில் போடுவது ஒற்றைக்கொம்பு. அடுத்தது ககரம். கடைசியில் துணைக்கால். வாயோ ‘க்’கில் தொடங்கி ‘ஒ’வில் முடிக்கிறது. கண்ணுக்கு முதலில் படுகிற கொம்புக்குத் தனியே ஒலி கிடையாது. வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று பார்க்கும்வரை அது ‘கெ’யா ‘கொ’வா என்றும் முடிவாகாது. ஓர் உயிரொலி மெய்யின் இருபுறமும் பிளந்து நிற்கிறது. படிப்பவர் அதை ஒன்றுசேர்த்து, வரிசை மாற்றி, ஒலியாக்கியாக வேண்டும். இந்த வரியை வாசிக்கும் உங்களுக்கு அந்த வேலை நடந்ததே தெரிந்திருக்காது. ஆறு வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

இந்தியிலும் இப்படி ஒன்று உண்டு. குறில் இகரத்தின் குறி மெய்க்கு முன்னால் எழுதப்படும், ஒலிப்பது பின்னால். ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா என்ற இரு ஆய்வாளர்கள், இந்தக் குறி வரும் சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதை 2002இல் அளந்து காட்டினார்கள். நொடியின் சிறு பின்னங்கள்தான். ஆனாலும் மூளை அந்த இடத்தில் ஒரு கணம் நின்று வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

பேச்சுக்கு இந்தப் பாடு இல்லை. எந்தத் தாயும் குழந்தைக்கு இலக்கணம் நடத்துவதில்லை. சுற்றிலும் பேச்சு இருந்தால் போதும், மூன்று வயதில் அது வாயாடத் தொடங்கிவிடும். மனித இனம் பல பத்தாயிரம் ஆண்டுகளாகப் பேசிவருகிறது. எழுத்துக்கு வயது ஐயாயிரத்துச் சொச்சம். தமிழகத்துப் பாறைகளிலும் பானை ஓடுகளிலும் கிடைக்கிற தமிழி எழுத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அதிலும், ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளும் வாசித்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் கொள்ளுத்தாத்தா காலத்தில்கூடக் கிடையாது. வாசிப்பதற்கென்றே ஓர் உறுப்பை மூளை வளர்த்துக்கொள்ள இந்தக் காலம் எள்ளளவும் போதாது. அப்படியானால் நாம் எதைக் கொண்டு வாசிக்கிறோம்?

1887இல் பிரான்ஸில் ஓய்வுபெற்ற வணிகர் ஒருவர், தம்மால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை என்பதைத் திடீரென்று கண்டார். பேச்சு தெளிவாக இருந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. எண்களைப் படித்தார், கணக்குப் போட்டார். எழுதச் சொன்னால் எழுதவும் செய்தார். ஆனால் தாம் எழுதியதையே திருப்பிக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. அவரைத் தொடர்ந்து கவனித்த நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜெரின், 1892இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க மூளையின் பின்பகுதியில் பழுது இருந்தது. பார்வைக்கும் மொழிக்கும் நடுவே வாசிப்புக்கென்று ஒரு பாதை இருக்கிறது என்பது அன்று தெரியவந்தது.

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு, அதே நாட்டைச் சேர்ந்த ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் லோரான் கோஹனும் ஸ்கேன் கருவிகளின் துணையோடு அந்த இடத்தைத் துல்லியமாகப் பிடித்தார்கள். இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில், பின்பகுதியை ஒட்டிய ஒரு சிறு பரப்பு. எழுத்தைப் பார்த்ததும் அது விழித்துக்கொள்கிறது. ஃபிரெஞ்சு படிப்பவருக்கும் சீனம் படிப்பவருக்கும் ஏறக்குறைய அதே இடம். டெஹேன் தரும் விளக்கம் இது: முகங்களையும் பொருள்களையும் இனம்காண்பதற்காகப் பிறவியிலேயே அமைந்த பார்வைப் பகுதியில் ஒரு துண்டை வாசிப்பு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. பிறகு அதைப் பேச்சொலிகளைக் கையாளும் பகுதிகளோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்பு மரபணு வழியாக வருவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் புதிதாகப் போடப்பட வேண்டும். போடுகிறவர் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்.

இது குழந்தைப் பருவத்தோடு முடிந்துபோகிற காரியமும் இல்லை. லக்னோவுக்கு அருகே இரண்டு கிராமங்களில், பள்ளிக்கே போகாத, முப்பது வயதை ஒட்டிய பெண்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து கற்பித்தார்கள். கற்பதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், மாற்றம் மூளையின் மேற்பரப்போடு நிற்கவில்லை. தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான, மிகப் பழைய பகுதிகளும் பார்வைப் பகுதியோடு புது வகையில் இசைந்து இயங்கத் தொடங்கியிருந்தன. எழுத்தறிவு அவ்வளவு ஆழம் போகிறது.

வாசிப்பு நம் பார்வையையே மாற்றுகிறது என்பதற்குத் தமிழகக் கிராமங்களில் கிடைத்த ஒரு சான்று எனக்கு மிகவும் பிடித்தமானது. வலப்பக்கம் பார்க்கும் மாடும் இடப்பக்கம் பார்க்கும் மாடும் ஒரே மாடுதான். அப்படிப் பார்ப்பதே மூளையின் பிறவி வழக்கம். ஆங்கிலத்தில் ‘பி’, ‘டி’ என்ற இரண்டு சிறிய எழுத்துகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால், ஆங்கிலம் கற்கும் குழந்தை அந்தப் பழைய வழக்கத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. தமிழிலோ அப்படி இடவலம் மாறி நிற்கும் எழுத்துச் சோடிகள் கிடையாது. எரிக் பீடர்சன், ஈவ் டான்சிகர் என்ற ஆய்வாளர்கள் 1990களில் தமிழர்களிடம் கோட்டுருவங்களைக் காட்டிச் சோதித்தார்கள். எழுத்தறியாதவர்களைப் போலவே, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகவே கொண்டார்கள். ஆங்கில எழுத்தும் அறிந்தவர்கள் இரண்டையும் வேறு வேறாகப் பிரித்தார்கள். ஆகவே எழுத்தைத் திருப்பிப் போடும் குழந்தையைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் அதைச் செய்வார்கள். மூளையின் இயல்பே அது.

இவ்வளவு ஏற்பாடுகள் கூடிவந்தால்தான் ஒரு குழந்தை ‘கொக்கு’ என்று படிக்கும். இதில் ஏதோ ஒரு கண்ணி சிலருக்குத் தாமதமாகவோ பலவீனமாகவோ அமைவதில் வியப்பே இல்லை.

அப்படி ஒரு சிறுவனைப் பற்றி 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் எழுதினார். பெயர் பெர்சி, வயது 14. விளையாட்டில் சூட்டிகை, பேச்சில் குறையில்லை, இயற்கணிதக் கணக்கைச் சட்டென்று போடுவான். ஏழு ஆண்டு விடாமல் கற்பித்தும் ஓரசைச் சொற்களைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படித்தான். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். எல்லாப் பாடமும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்பது அவன் ஆசிரியரின் கணிப்பு. நம் ஊர்ப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் போய் நின்றால் அதே கணிப்பை அம்மாக்கள் வாயால் கேட்கலாம்: “வாயால கேட்டா எல்லாம் சொல்லுவான் டீச்சர், பேனாவ எடுத்தாத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது.”

இன்று டிஸ்லெக்சியா என்கிற இதை மார்கன் காலத்தில் சொற்குருடு என்றார்கள். பழுது பார்வை நினைவில் இருப்பதாக நம்பினார்கள். கண்ணின் மீதான பழி எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1970களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ ஓர் அழகான சோதனை செய்தார். வாசிக்கத் திணறும் அமெரிக்கக் குழந்தைகளுக்கும் நன்றாக வாசிக்கும் குழந்தைகளுக்கும், இரு சாராருமே அறியாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். இரு குழுவினரும் ஒரே அளவில் எழுதினார்கள். எழுத்துக்கு ஒலி என்ற ஒன்று இல்லாதபோது திணறலும் இல்லை! கண் நன்றாகத்தான் வேலை செய்தது. எழுத்தை ஒலியோடு கட்டும் இடத்தில்தான் முடிச்சு.

‘மரம்’ என்று சொல்லும்போது காற்றில் போவது இடைவெளியற்ற ஓர் ஓசை. அதற்குள் தனித்தனி ஒலிகள் இருக்கின்றன என்பதை நாம் எழுத்து கற்றபோதுதான் கண்டுகொண்டோம். அந்தப் பகுப்பு டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் பலருக்கு மங்கலாகவே இருக்கிறது. ‘பல்’, ‘பால்’ இரண்டுக்கும் இடையே உள்ள மாத்திரை வேறுபாடு காதில் விழாமல் இல்லை, அதைப் பிடித்துவைத்து, எந்தக் குறி எதற்கு என்று ஒட்டுவதுதான் நழுவிப்போகிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. டிஸ்லெக்சியா உள்ள 50,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, அதோடு தொடர்புள்ள 42 இடங்களை மரபணுத் தொகுதியில் சுட்டியது. ஆகவே குழந்தையின் சோம்பலையோ வளர்ப்பையோ தேடிக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

தமிழ் எழுத்து தன் பங்குக்கு ஒரு வசதியையும் பல சுமைகளையும் சேர்த்தே தருகிறது. எழுத்தைப் பார்த்தால் ஒலிப்பைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பது வசதி. ஆங்கிலத்தில் இது கிடையாது. எண்ணிக்கை முதல் சுமை. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்துகளை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுகிறது. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அட்சரங்கள் முழுதாக வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆவதைக் காட்டினார். நம் 247இலும் 216 உயிர்மெய். ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளில் முறை மாறி நின்ற 13 எழுத்துகளை 1978இல் சீர்திருத்தம் ஒழுங்காக்கியது. உகர ஊகார வரிசைகள் பழையபடியே இருக்கின்றன: கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் வளைவு மாறும், அதைக் குழந்தை தனித்தனியாகத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. போதாக்குறைக்கு, வீட்டில் ‘வந்தாங்க’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் ‘வந்தார்கள்’ என்று வாசிக்க வேண்டும். காதுக்குப் பழகாத சொல்லை எழுத்தை மட்டுமே நம்பி எழுப்புவது, ஒலிப் பகுப்பில் பலவீனமான குழந்தைக்கு இரட்டைச் சுமை.

எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் இத்தாலியம் போன்ற மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட மந்தமாகவே அதிகம் வெளிப்படுகிறது. குழந்தை சரியாகப் படிக்கும், ஆனால் ஊர்ந்து படிக்கும். தமிழிலும் இப்படித்தான் பல பிள்ளைகள் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். “தமிழ் பரவாயில்ல, இங்கிலீஷ்தான் வரல” என்று சொல்லப்படும் பிள்ளையின் தமிழ் வாசிப்பையும் கடிகாரம் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊர்வது என்றால் என்ன என்று உணர ஒரு வழி இருக்கிறது. அரைகுறையாக மலையாள எழுத்து கற்ற தமிழர் ஒருவர் பாலக்காட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்தும் அவருக்குத் தெரியும். பலகையில் கடைசி எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும், பேருந்தும் போய்விடும். அவருக்கு அறிவில்லை என்று யாரும் சொல்லமாட்டோம். அந்த வேகத்தில்தான் வகுப்பறைப் பிள்ளை வரலாற்றுப் பாடத்தையும் அறிவியல் வினாத்தாளையும் கணக்குப் புத்தகத்தின் வழிக்கணக்குகளையும் படிக்கிறது. கவனம் முழுவதும் எழுத்திலேயே தீர்ந்துவிடுவதால் பொருளுக்கு மிச்சமிருப்பதில்லை.

விளைவு வட்டிபோலப் பெருகும். வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளை குறைவாக வாசிக்கும். குறைவாக வாசிப்பதால் புதுச் சொற்கள் சேராது. சொற்கள் சேராததால் அடுத்த வகுப்புப் பாடம் இன்னும் கடினமாகும். கனடாவின் கீத் ஸ்டானோவிச் 1986இல் இந்தச் சுழலை விரிவாக எழுதினார். ஒன்றாம் வகுப்பில் ஒரு கைப்பிடி எழுத்துகளாக இருந்த இடைவெளி, ஆறாம் வகுப்பில் எல்லாப் பாடங்களுமாகிவிடும். அதற்குள் பிள்ளை மறைக்கக் கற்றிருக்கும். பக்கத்தில் இருப்பவன் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். வாசிக்கும் முறை வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போகும். சில பிள்ளைகள் சேட்டைக்காரன் என்ற பெயரை விரும்பியே வாங்கிக்கொள்கிறார்கள். மக்கு என்ற பெயரைவிட அது மேல்.

எண்ணிலும் இதுபோல ஒன்று உண்டு, டிஸ்கால்குலியா என்கிறார்கள். மூன்று புள்ளிகளை எண்ணாமலே மூன்று என்று அறியும் திறன் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அந்த அளவுணர்வே சிலருக்கு மங்கலாக இருப்பதாக லண்டனின் பிரையன் பட்டர்வொர்த் விளக்குகிறார். அவர்களுக்கு ஏழும் ஒன்பதும் வெறும் பெயர்கள். எது பெரிது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இதற்கு வாய்ப்பாட்டை நூறு தடவை ஒப்பிக்க வைப்பது மருந்தாகாது. எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் எளிய விளையாட்டை நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம், விளையாடிய சிறு குழந்தைகளின் எண்ணறிவு கூடியதை கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் காட்டினார்கள். வகுப்பறைக்குள் பரமபதப் பலகைக்கும் பல்லாங்குழிக்கும் இடம் தர இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

உதவி என்று எதைச் செய்வது? முதல் பதில் தெளிவானது: ஒலியையும் எழுத்தையும் சேர்த்துக் கற்பிப்பது. இங்கிலாந்தில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் ஒலிப் பகுப்பில் பின்தங்கிய 65 குழந்தைகளைப் பிரித்து, இரண்டு ஆண்டுகளில் 40 சிறு பயிற்சிகள் தந்தார்கள். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களை இனம்காண மட்டும் கற்றவர்களைவிட, அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளைக் கையால் எடுத்து வைக்கவும் கற்றவர்கள் வாசிப்பில் முந்தினார்கள். 1983இல் வந்த முடிவு இது. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் யீட்மேன் குழு, வாசிப்பில் திணறிய குழந்தைகளுக்கு எட்டு வாரம், நாளுக்கு நான்கு மணி நேரம் தீவிரப் பயிற்சி தந்து, இடையிடையே ஸ்கேன் எடுத்தது. வாசிப்பு முன்னேறிய அதே வாரங்களில் மூளையின் வெண்பொருள் இழைகளும் மாறிக்கொண்டிருந்தன. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கற்பித்தல் மூளையின் உடலமைப்பையே தொடுகிறது. அதுவும் வாரக் கணக்கில்.

நாளுக்கு நான்கு மணி நேரம் நம் பள்ளிகளுக்கு எட்டாது. ஆனால் நாற்பது பேர் வகுப்பில் நால்வரைத் தினமும் அரை மணி நேரம் தனியே உட்கார வைப்பது எட்டும். அந்த அரை மணியில் ஒரே நாளில் பத்து எழுத்து வேண்டாம். இரண்டு போதும், நேற்றையதும் முந்தாநாளையதும் திரும்ப வர வேண்டும். கொம்பு, கால், ககரம் ஆகியவற்றை அட்டையில் வெட்டித் தந்தால், ‘கெ’யிலிருந்து ‘கொ’வுக்குப் போக எந்தப் பக்கம் எதை வைக்க வேண்டும் என்று குழந்தையின் கையே காட்டிக்கொடுக்கும். உகர வரிசையை ஒரேயடியாக ஒப்பிக்க வைக்காமல், வளைவு ஒத்தவற்றைச் சேர்த்து வைக்கலாம். பாடத்தை வாசிக்கும் முன், அதில் வரும் நூல்வழக்குச் சொற்களை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிக் காதுக்குப் பழக்கிவிடலாம்.

எழுதியபடியே வாய்விட்டுச் சொல்வதும், தோழன் தோழனுக்குக் கற்பிப்பதும் நம் திண்ணைப் பள்ளியின் பழைய வழக்கங்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவனையே மற்ற மாணவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். நாடு திரும்பி 1797இல் அதைப் பற்றி எழுதிய சிறு நூல் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் டிஸ்லெக்சியா பயிற்சிக்கென்று சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் வழிவந்த முறையிலும் பார்த்தல், கேட்டல், வாய்விட்டுச் சொல்லல், விரலால் எழுதுதல் நான்கும் ஒருங்கே வருகின்றன. மணலுக்கு மந்திரசக்தி ஏதும் இல்லை. விரல் வரையும் அதே நேரத்தில் வாய் அந்த ஒலியைச் சொல்லுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. வாயை மூடிக்கொண்டு ஒரே சொல்லை ஐம்பது தடவை எழுதும் தண்டனையில் அது நடப்பதில்லை. மூன்றாவது வரிக்குமேல் கை மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கும். நிறக் கண்ணாடிகளும் விசேஷ எழுத்துருக்களும் டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்று விற்பவர்களிடமிருந்தும் பெற்றோர் தள்ளியே இருக்கலாம். அவற்றுக்கு உறுதியான சான்று இல்லை.

கற்பித்தல் ஒருபுறம் நடக்கட்டும். எழுத்து வசப்படும்வரை அறிவியலும் வரலாறும் காத்திருக்கக் கூடாது. பெர்சியின் ஆசிரியர் கண்ட உண்மை இங்கேதான் பயன்படுகிறது. பாடத்தைக் காதால் வாங்கவும் விடையை வாயால் சொல்லவும் வழி இருந்தால், பிள்ளையின் மற்ற அறிவு பட்டினி கிடக்காது. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; தமிழ் எழுத்தை வாசித்துக்காட்டும் வசதி சாதாரணக் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கொடிய வேலை. தலையைத் தூக்கிப் பார்த்து நான்கு எழுத்தை மனத்தில் பிடித்துக் குனிவதற்குள் இரண்டு போய்விடும். அச்சடித்த தாளோ நண்பனின் நோட்டோ கொடுத்துவிடலாம். சத்தமாக வாசிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே சொல்லிவிட்டால் வீட்டில் பழகிக்கொண்டு வரும். வகுப்பே சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. சொல்வதை எழுதுதலில் இருபது சொல்லுக்குப் பதில், இந்த வாரம் கற்பித்த வகையில் ஐந்து சொல் போதும். வரலாற்று விடையில் லகர ளகரப் பிழைக்காக மதிப்பெண்ணை வெட்டினால், வரலாறு தெரிந்த பிள்ளையைத் தெரியாதவன் ஆக்குகிறோம். இவற்றில் எதுவும் மற்ற முப்பத்தாறு பேருக்குக் கெடுதல் செய்வதில்லை. பெரும்பாலானவை அவர்களுக்கும் உதவும்.

சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016இல் வந்த புதிய சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. சான்றிதழ் உள்ள மாணவருக்கு அரசுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு என்று சலுகைகள் தமிழகத்தில் உண்டு. சலுகை என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மூன்று மணி நேரத் தாளில் மற்றவர்கள் வினாவைப் படித்து முடிக்கிற இடத்துக்கு இந்தப் பிள்ளை வந்துசேர எடுக்கும் நேரத்தைத்தான் அந்த ஒரு மணி ஈடுகட்டுகிறது. விடை அவனுடையதுதான்.

என் மனத்தை அரிப்பது வேறொன்று: இந்த உதவிகளெல்லாம் வந்துசேரும் காலம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் எட்டு வயது நிரம்பியவர்களுக்குத்தான் சான்றிதழ் தரச் சொன்னது. சோதனையின் நம்பகம் கருதி அதற்கு நியாயம் இருக்கலாம். பல வீடுகளில் சான்றிதழ் என்ற பேச்சே பத்தாம் வகுப்பு நெருங்கும்போதுதான் எழுகிறது. ஆய்வுகள் சொல்வதோ, ஒலி‑எழுத்துப் பயிற்சி மிக நன்றாகப் பிடிக்கும் வயது ஐந்து முதல் ஏழு என்று. தோற்கும்வரை காத்திருந்து, பிறகு தோல்விக்குச் சான்று வாங்கிக் கொடுக்கிறோம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் 1990களிலிருந்தே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பிள்ளைகளைத் தேற்றி மீண்டும் வழக்கமான பள்ளிக்கே அனுப்பிவருகின்றன. 2022இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து அமர்த்துகிறது. அது டிஸ்லெக்சியாவுக்காக வந்ததல்ல. ஆனால் வகுப்பே மொட்டுக்கும் மலருக்கும் நகர்ந்த பின்னும் அரும்பிலேயே தங்கிவிடுகிற பிள்ளையை அந்த வகுப்பறை ஆசிரியருக்குத் தினமும் காட்டிக்கொடுக்கிறது. மெல்ல மலரும் மாணவர் என்று அன்பாகப் பெயரிட்டு அவனை அங்கேயே விட்டுவிடாமல், ஏன் நகரவில்லை என்று கேட்க வேண்டும். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை. தேர்வறைக்குத்தான் அது தேவை.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் தீபாவளி விடுமுறைக்கு முன்பே ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் பார்த்துவிடலாம். பாட்டுபோலச் சொல்லிக் கேளுங்கள்: பல், கல், மண் இதில் சேராதது எது? ‘ப’, ‘ட’, ‘ம்’ மூன்றையும் இடைவெளி விட்டுச் சொல்லி, சேர்த்தால் என்ன வரும்? ‘மரம்’ என்பதில் முதல் ஒலியை விட்டுவிட்டால் மிச்சம் என்ன? ‘பல்’, ‘பால்’ எது நீளம்? மாடு, குடை, பூ, பானை, நாய் என்று தெரிந்த படங்களை வரிசையாக வைத்துப் பெயர்களை வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்தப் பெயரிடும் வேகத்துக்கும் பின்னாளைய வாசிப்பு வேகத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை 1970களிலிருந்து ஆய்வுகள் காட்டிவருகின்றன. இதுவரை கற்ற எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். வீட்டில் அப்பாவோ அத்தையோ மாமாவோ படிப்பில் இப்படித் திணறினார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். காதும் கண்ணும் ஒருமுறை மருத்துவரிடம் சரிபார்க்கப்படட்டும். பிறகு, பலவற்றில் தடுமாறிய குழந்தைகளை அடுத்த ஜூன் வரை விட்டுவைக்காமல், மறுநாள் முதல் பாடவேளையிலேயே நால்வர் நால்வராக உட்கார வைத்து, இரண்டு எழுத்துகளோடு தொடங்கலாம்.